எழுந்தால் நிற்கும் மெஷின்

அத்தியாயம் 6

மருமகள் மேல் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு வரும் மாமனார்கள் அண்ணிக்குப் புதிதில்லை. பெரும்பாலும் ஒரு மோதிரம் காணாமல் போயிருக்கும், பீரோவுக்குப் பின்னால் கிடைக்கும், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிவார்கள், நாங்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஆனால் மருமகள் நாற்காலியை விட்டு எழுந்தால் மெஷின் நின்றுவிடுகிறது என்று ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

“உட்கார்ந்தா ஓடுது, எழுந்தா நிக்குது. அவ்வளவுதானே? எழுந்திருக்காம பாத்துக்கிட்டா போச்சு. இதுக்கு எதுக்கு துப்பறியணும்?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“உனக்கு ஒரு வேலை வேணுமில்ல தம்பி, அதுக்குத்தான்” என்றார் அண்ணி.

என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பு அண்ணி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரிந்துபோன கடைகளைப் பார்வையிட்டு, தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று சொல்லும் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி நான் அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அந்தத் தகவல் இன்னும் வேறு எந்த வேலைக்கும் போய்ச் சேரவில்லை.

பட்டறை ஒரு நீளமான கூடம். நடுவில் ஸ்வெட்டர் பின்னும் மெஷின், சுவரோரம் நூல் கோன்கள், கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் அறை. மெஷின் காலையிலிருந்து சும்மா நின்றது. அதன் ஊசிகளில் அரைகுறையாக ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. கழுத்து வரை ஒழுங்காக வந்து, அதற்கு மேல் நூல் தன்னிஷ்டத்துக்குப் போயிருந்தது. அதை மாட்டிக்கொள்ள வேண்டுமானால் தலை தோளில் முளைத்திருக்க வேண்டும்.

பெரியவர், அதாவது முதலாளி, எங்களை ஓரமாக அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார்.

“மருமக லிஸ்ப்னு ஒரு கம்ப்யூட்டர் மொழியில டிசைன் போடுவா. மெஷினை ஓட்டற புரோகிராம் என் பொண்ணைக் கட்டின மாப்பிள்ளையோடது. அவருக்கு சி மொழி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. அதனால மருமக நடுவுல ஒரு உறை போட்டா.”

“தலகாணிக்குப் போடுவாங்களே, அந்த மாதிரியா?” என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

“அந்த உறையாலதான் இந்த மெஷினே உலகத்துல தனி. பின்னிட்டு இருக்கும்போதே டிசைனை மாத்தலாம். ஆனா போன மாசத்துல இருந்து அவ எழுந்து போனா கொஞ்ச நேரத்துல கோணல்மாணலா இழுத்து நின்னுடுது. போன மாசம்தான் வெளியூர்ல அவளுக்கு வேலையும் கிடைச்சிருக்கு. புரியுதா? நான் இல்லாம இங்க எதுவும் ஓடாதுன்னு எனக்குக் காட்டறா.”

“என்ன செய்யணும்கறீங்க?”

“சாயங்காலம் என் பையன் வெளியூர்ல இருந்து வரான். அதுக்குள்ள எனக்கு ஆமாவா இல்லையான்னு தெரியணும். ஆமான்னா அவ இனிமே இந்தப் படி ஏறக்கூடாது. வீட்டுப் படியும்தான். அவன் யார் பக்கம்னு அவனே முடிவு பண்ணிக்கட்டும்.”

சொல்லும்போது பெரியவரின் குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் மேஜையில் ஒயர்கள் எல்லாம் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பேனாக்கள் உயர வாரியாக நின்றன. நான் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து உட்கார்ந்தேன். பேசி முடித்து எழுந்ததும் அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வைக்க வேண்டும் என்பதிலேயே அவர் கண் இருந்தது.

“சி-யில ஒரு ஒழுக்கம் இருக்கு மேடம்” என்றார். “மெமரியில இடம் எடுத்தா, எடுத்தவன்தான் திருப்பிக் குடுக்கணும். லிஸ்ப்ல அந்தப் பழக்கமே கிடையாது. எடுத்ததை அங்கங்க போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. பின்னாடியே பெருக்கற ஆள் வருவான்.”

“எந்த ஆள்? நான் பாக்கலையே” என்று சுற்றிலும் பார்த்தேன்.

“ஆள்னா ஆள் இல்ல. அந்த மொழிக்குள்ளயே இருக்கற ஏற்பாடு. அப்பப்போ ஒரு சுத்து வந்து, யாரும் பிடிச்சிட்டு இல்லாத பொருளை எல்லாம் அள்ளிட்டுப் போயிடும்.”

“கொடுத்து வச்ச மொழி” என்றேன். என் அறையை நினைத்துக்கொண்டேன்.

“ஆனா டிசைனை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர் கட்டிக் குடுக்கறது சி-யோட சொத்து. அதைத் தொடக்கூடாதுன்னு அந்தப் பெருக்கற ஆள் விட்டுட்டுப் போயிடுவான். டிசைன் மாத்த மாத்தப் பழசெல்லாம் மலையா குவியும். இந்த வீட்டு மருமக எனக்குத் தங்கச்சி மாதிரி, அவகிட்ட சாப்பிடும்போது எல்லாம் சொன்னேன். எடுத்தா எடுத்த இடத்துல வைம்மா, எடுத்த இடத்துல வைம்மான்னு. கடைசியில சரி பண்ணிட்டா. இப்போ அதையும் சேர்த்து அள்ளுது.”

“எப்போ சரி பண்ணினாங்க?”

“போன மாசம்.”

“எல்லாமே போன மாசம்தானா?” என்றேன். அண்ணி மாப்பிள்ளையின் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், ஒரு சின்னத் தலையணை எல்லாம் மேஜையிலேயே இருந்தன. ரயிலில் இடம் பிடித்தவர் மாதிரி குடியேறியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நான் எழுந்தா நிக்குதுன்னு எனக்கும் தெரியும் அக்கா. அதனாலதான் எழுந்திருக்கவே பயமா இருக்கு. இன்னிக்கு பாத்ரூம் போயிட்டு வந்தேன், அதுக்குள்ள அந்த ஸ்வெட்டருக்குக் கழுத்து போயிடுச்சு. ஏன்னு தெரியல. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?” அவள் கண் கலங்கிவிட்டது.

“அந்த உறையில தப்பு இருக்குமோ?”

“வரிவரியா பாத்துட்டேன். சி-யில எழுதினதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறதுதான் கம்பைலர். லிஸ்ப்ல இருந்து அதைக் கூப்பிடறேன். ஓடறதுக்கான பொருளைக் கட்டிக் குடுக்குது. அது எங்க இருக்குன்னு மெஷினுக்கு முகவரி குடுக்கறேன். மெஷின் ஓடுது. அவ்வளவுதான் அக்கா.”

அண்ணி தலையாட்டினார். புரிந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். புரியாவிட்டாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

“அது இருக்கட்டும். எங்க வீட்டு வாசல் கதவுக்குத் திரை வாங்கணும். ஏழடி உயரம். மடிச்சுத் தைக்க அரை அடி சேர்த்துக்கணும். ரெண்டு பக்கத்துக்கும் எவ்வளவு துணி வேணும்? கால்குலேட்டர் இருக்கா?”

வழக்கு நடுவில் திரைச்சீலை வாங்குகிறவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“இதுலயே போடலாம் அக்கா. நான் எல்லாக் கணக்கும் இதுலதான் போடுவேன்” என்று மருமகள் கம்ப்யூட்டரில் திறந்திருந்த கறுப்பு ஜன்னலில் தட்டினாள். மெஷினை ஓடவிடுவதும் அந்த ஜன்னலிலிருந்துதான் என்றாள். ஏழும் அரையும் ஏழரை என்று வந்தது. அடுத்து ஒரு நட்சத்திரக் குறியையும் இரண்டையும் சேர்த்து என்னவோ தட்டினாள். பதினைந்து என்று வந்தது.

“அது என்ன நட்சத்திரம்?”

“போன பதில். திரும்ப ஏழரைன்னு அடிக்க வேண்டாம் பாருங்க. அதுக்கு முந்தின பதில் வேணும்னா ரெண்டு நட்சத்திரம். அதுக்கும் முந்தினதுன்னா மூணு.”

“நாலு வச்சா?”

“நாலு கிடையாது அக்கா. மூணோட சரி. அதுக்கு மேல இந்த ஜன்னல் மறந்துடும்.”

“எங்க அண்ணனை விட ரெண்டு அதிகம்” என்றேன். மருமகள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் பையை மூடினால் கிளம்பப் போகிறார் அல்லது கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். கிளம்புவார் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார் அண்ணி.

“ஐயா, மருமக உட்கார்ந்திருக்கும்போது மெஷின் எப்பவாவது நின்னிருக்கா?”

“நின்னதே இல்ல.”

மாப்பிள்ளை இருமினார். “ஒரு தடவை நின்னுது மாமா.”

“அது கணக்குல வராது மாப்பிள்ளை. அன்னிக்கு நானே பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். என் கண்ணு முன்னாடி அவ எப்படிக் கெடுப்பா?”

தன் சந்தேகத்துக்குப் பொருந்தாத எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது பெரியவரின் கொள்கை. பாதி உலகம் இந்தக் கொள்கையில்தான் நடக்கிறது என்பதால் நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

“பக்கத்துல நின்னு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“நூல் கணக்கு கேட்டுட்டு இருந்தேன். எத்தனை கோன் வேணும், எத்தனை மீட்டர் மிஞ்சும்னு. நான் கேட்கக் கேட்கச் சொல்லுவா. கணக்குல கெட்டிக்காரி.” பாராட்டிவிட்டோமே என்று உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“சரி. எழுந்து போயும் மெஷின் ஓடின நாள் உண்டா?”

மருமகள் யோசித்தாள். “ஒரு நாள் அக்கா. எங்கம்மா வழுக்கி விழுந்துட்டாங்கன்னு ஃபோன் வந்துது. போட்டது போட்டபடி ஓடினேன். இந்த ஜன்னலைக் கூட மூடல. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஓடியிருக்கு.”

“அம்மா கவலையில கெடுக்க மறந்திருப்பா” என்றார் பெரியவர்.

“மத்த நாள்ல?”

“எல்லாத்தையும் மூடிட்டுத்தான் எழுந்திருப்பேன். அண்ணா சொல்லிச் சொல்லி அது பழகிடுச்சு.”

மாப்பிள்ளை பெருமையோடு தலையசைத்தார்.

“மெஷினை ஓட விடும்மா. நீ எழுந்திருக்க வேண்டாம்” என்றார் அண்ணி.

புது நூல் மாட்டினார்கள். மருமகள் தட்டினாள். ஜன்னலில் ஏதோ ஒரு பதில் வந்து விழுந்தது, மெஷின் சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஊசிகள் ஒழுங்காக ஏறி இறங்கின. வரிவரியாக நீலப் பூக்கள் விழுந்தன. பார்க்க அழகாக இருந்தது.

“இப்போ ஐயா, அன்னிக்குக் கேட்ட மாதிரியே கணக்கு கேளுங்க.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். “ஒரு ஸ்வெட்டருக்கு ஒண்ணேகால் கோன். எழுபது ஸ்வெட்டருக்கு?” என்றார். மருமகள் தட்டிச் சொன்னாள். “அதுல நீலம் மட்டும் மூணுல ஒரு பங்கு.” சொன்னாள். “பாக்கி வெள்ளை எவ்வளவு?”

அதையும் சொன்னாள். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பிரமாதம் அண்ணி, கணக்கு எல்லாம் சரியா வருது” என்றேன். அவமானத்தைப் பங்குபோட்டுக்கொள்வதும் உதவியாளர் வேலைதான்.

“போட்டுட்டு கையை மடியில வச்சுக்கோம்மா. எல்லாரும் அவ கையைப் பாருங்க” என்றார் அண்ணி.

பார்த்தோம். சின்னக் கைகள், நகத்தோரம் கடித்த தடம். அவை மடியில் சும்மா கிடந்தன. வெளியே மெஷின் இன்னும் சில வரிகள் பின்னியது. பிறகு கடகடவென்று ஒரு சத்தம். ஊசிகள் கண்டபடி பாய்ந்தன. நூல் சுருண்டு முடிச்சு விழுந்து, மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

மருமகள் எழுந்திருக்கவில்லை. விரலைக்கூட அசைக்கவில்லை.

“மெஷினை நிறுத்தறது யாருன்னு கேட்டீங்களே ஐயா” என்றார் அண்ணி மெதுவாக. “இந்தத் தடவை நீங்கதான்.”

பெரியவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நூல் கணக்குக் கேட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்ட முதல் குற்றவாளி அவராகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணி மருமகளின் பக்கம் திரும்பினார். “மெஷினை ஓட விட்டதும் அந்த ஜன்னல்ல ஒரு பதில் வந்துதே, அது என்ன?”

“கம்பைலர் கட்டிக் குடுத்த பொருள். மெஷின் எப்படி ஓடணும்கறது மொத்தமும் அதுக்குள்ளதான்...” அவள் குரல் தேய்ந்தது.

“அதை லிஸ்ப் பக்கத்துல யாரு பிடிச்சிருக்கா?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ. யாருமே இல்ல அக்கா. மெஷினுக்கு வெறும் முகவரிதானே குடுத்தேன். இந்த ஜன்னலோட ஞாபகம் மட்டும்தான் அதைப் பிடிச்சிட்டு இருந்திருக்கு.”

“மூணு கணக்கு போட்டா அது ஞாபகத்துல இருந்து போயிடும். ஜன்னலை மூடினாலும் போயிடும். பெருக்கற ஆள் வந்து பாக்கறான். மெஷின் அந்த வீட்டுல குடியிருக்கறது அவனுக்குத் தெரியாது. யாரும் இல்லாத வீடுன்னு நினைச்சு இடிச்சு அள்ளிட்டுப் போயிடறான்.”

“ஆனா அவன் அதைத் தொடமாட்டானே மேடம். கம்பைலர் சி-யோட...” என்று ஆரம்பித்த மாப்பிள்ளை பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. “நான்தான் அதையும் அள்ளச் சொல்லி உயிரை எடுத்தேன்.”

“நீங்க சொன்னது சரிதான் அண்ணா. குவியத்தான் செஞ்சுது” என்றாள் மருமகள். “அள்ளறதுக்கு எழுதினவ, ஓடற வரைக்கும் பிடிச்சு வைக்கவும் ஒரு இடம் எழுதியிருக்கணும். தப்பு என்னோடது.”

மாப்பிள்ளை ஒரு பேனாவை எடுத்தார், திறந்தார், மூடாமலே மேஜையில் வைத்தார். அவர் எவ்வளவு கலங்கிப் போயிருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

“உங்களுக்கு எப்படி அண்ணி தோணுச்சு?” என்று கேட்டேன். கிண்டல் செய்ய எனக்கே மறந்துவிட்டது.

“ஒருத்தர் கிளம்பினதும் கடை எரிஞ்சா, போகும்போது அவர் என்னத்தை வச்சுட்டுப் போனார்னுதான் எல்லாரும் தேடுவாங்க. அங்க இருந்த வரைக்கும் அவர் எதைத் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்தார்னு யாரும் பாக்கறதில்ல.”

மருமகள் அதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. மெஷின் ஓடுகிற வரை அந்தப் பொருளைப் பிடித்துவைத்திருக்க ஒரு இடம், நின்ற பிறகு விட்டுவிட ஒரு வரி. மறுபடி மெஷினை ஓடவிட்டாள். பெரியவரைக் கணக்கு கேட்கச் சொன்னோம், அவர் பயந்து மறுத்துவிட்டார். நானே திரைச்சீலை, நூல், என் வயது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னலை மூடினாள். எழுந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து, கூடத்தைத் தாண்டி, வாசலுக்கே போய் நின்றாள்.

நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினையே பார்த்தோம். நீலப் பூ, வெள்ளை வரி, மறுபடி நீலப் பூ. ஒரு முழு ஸ்வெட்டர் கழுத்தோடு இறங்கியது.

“ஆமாவா இல்லையான்னு கேட்டீங்க” என்றார் அண்ணி. “இல்லை.”

பெரியவர் அந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். “நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன். நான் தப்பா நினைச்சுட்டேன்னு.”

“மெஷின் எதுக்கு நிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. இது நீங்க சொல்ல வேண்டியது.”

அவர் வாசலுக்குப் போனார். மரியாதைக்கு நாங்கள் பின்னாலேயே நின்றோம். காது கேட்கிற தூரத்தில்தான்.

“தப்பு பண்ணிட்டேன்மா. வேணும்னு கெடுக்கறேன்னு நினைச்சேன்.”

“தெரியும் மாமா.” அவள் அழுதாள், உடனே துடைத்துக்கொண்டாள். “நான் வேணும்னு செய்யலைன்னு தெரிஞ்சா போதும். அந்த வேலைக்கு ரெண்டு தடவை எப்போ வரேன்னு கேட்டாங்க. ரெண்டு தடவையும் தள்ளிப் போட்டேன். நான் போனா மெஷின் நின்னுடுமே, உங்களை இப்படி விட்டுட்டு எப்படிப் போறதுன்னு.”

பெரியவர் திரும்பி மெஷினைப் பார்த்தார். அது கடமை தவறாமல் அடுத்த ஸ்வெட்டரை ஆரம்பித்திருந்தது. ஒரு மாதமாக அவளை இங்கே நிறுத்தி வைத்திருந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சரி செய்ய எங்களை அழைத்து வந்ததும் அவரே.

“இனிமே தேதி சொல்லிடுவியா?”

“சொல்லிடலாம் மாமா. இவர் சாயங்காலம் வந்ததும் பேசிட்டு.”

“இன்னொரு தடவை நல்லா பாத்துடேன். நின்னாலும் நின்னுடும்.”

“நிக்காது மாமா.”

“ஒருவேளை நின்னா?”

“ஃபோன் பண்ணுங்க. உடனே பாக்கறேன்.”

பெரியவர் கையிலிருந்த ஸ்வெட்டரை அவளிடம் நீட்டினார்.

“நிக்கலைன்னாலும் பண்ணலாமாம்மா?”